பகலில் எரிந்த தெருவிளக்கு

எங்கள் சந்தில் ஒருநாள் காலை பதினொரு மணி வரை தெருவிளக்குகள் அணையாமல் எரிந்தன. பகலையும் இரவையும் ஒரே படத்தில் வரைய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான்.

அப்போது ஆரணியில் ஒரு பட்டுக்கடைக்குச் சேலை டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே வேலைதான். கரையில் மயில் எத்தனை, முந்தியில் கொடி எந்த இடத்தில் வளைய வேண்டும் என்று கணினியில் கட்டம் கட்டமாக நிரப்பும் வேலை. அன்று காய்ச்சல் என்று விடுப்பு எடுத்திருந்தேன். மாடியில் துணி உலர்த்தப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். மேலே மேகமே இல்லாத வானம், சுள்ளென்ற வெயில். கீழே, நெருக்கமாக நிற்கும் இரண்டு வீடுகளுக்கு நடுவில், வெயில் இறங்காத மூலையில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த மூலையில் மட்டும் இன்னும் விடியாதது போல இருந்தது.

சந்து முனையில் இருக்கும் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து விளக்கை அணைக்க ஒருவர் வந்தார். சந்தின் கடைசி வீட்டுக்காரர். நகராட்சியில் ஒப்பந்த வேலை. எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் அவர்தான் மொபெட்டில் சுற்றிச் சாயங்காலம் விளக்கைப் போட்டு, காலையில் அணைப்பார். பல்பு போனால் ஏணியோடு வருவார். ஐம்பது வயதிருக்கும். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

“அண்ணா, இன்னும் பத்து நிமிஷம் அப்படியே வுட்டுடுங்க” என்று மாடியிலிருந்து கத்தினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இன்னாம்மா, எல்லாரும் ஏன் இன்னும் எரியுதுன்னு சண்டைக்கு வராங்க. நீ வுடச் சொல்றே?”

“ஒரு படம் வரையணும்ணா.”

“பத்து நிமிஷம்தான். பகல்ல வெளக்கு எரியுதுன்னு எவனாவது போட்டோ புடிச்சு வாட்ஸப்புல போட்டா நான்தான் பேஜாராவணும்.”

பத்து நிமிடம் என்றவர் அரைமணி நேரம் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். நான் மாடிச் சுவரில் நோட்டை வைத்துக் கிறுக்கினேன். அதுதான் முதல் படம்.

அதையும் சேர்த்து ஒன்றரை வருடத்தில் ஆறு படங்கள் வரைந்தேன். எல்லாவற்றிலும் ஒரே ஏற்பாடு. கீழ்ப்பாதியில் இரவு: இருண்ட சுவர்கள், சாத்திய கதவுகள், ஒரு விளக்கு, அதன் வெளிச்சம் விழும் தரை. மேல்பாதியில் நடுப்பகல் வானம். என் கணவர் செய்யாறு பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். முதல் படத்தைப் பார்த்துவிட்டு, “ரெண்டு படத்தை வெட்டி ஒட்டுன மாதிரி கீது” என்றார். இரண்டாவதைப் பார்க்கக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. மேலைநாட்டில் இதையெல்லாம் எப்போதோ வரைந்துவிட்டார்கள், இதற்கு சர்ரியலிசம் என்று பெயரே வைத்திருக்கிறார்கள் என்று மூன்றாவது படம் முடிந்த பிறகுதான் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு நாள் தூரிகையைத் தொடவில்லை. அப்புறம், அவர்கள் வரைந்தது அவர்கள் தெரு, இது என் தெரு என்று சமாதானம் செய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.

அந்த அண்ணன் ஒவ்வொரு படத்தையும் வந்து பார்ப்பார். வானத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். வெளிச்சத்தைப் பற்றி மட்டும் பேசுவார். “இந்தக் கம்பத்துல இப்படி வட்டமா வெளிச்சம் வுழாதும்மா. மேல தகர மூடி கோணலா கீது. வாசப்படி பக்கம் நீட்டிகினு வுழும்.” போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். சந்தில் எந்த விளக்கு எந்தச் சுவரில் படும் என்று அவருக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்காக நாலரை மணிக்கே விளக்கைப் போட ஆரம்பித்தார். வெயில் இருக்கும்போதே விளக்கும் எரிய வேண்டும் என்பது எனக்கு முக்கியம். அது அவருக்குப் புரிந்திருந்தது.

ஏழாவது படத்துக்கு அவர் வீட்டையே வரையலாம் என்று கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். “எங்க ஊட்டையா? சுண்ணாம்பு அடிச்சு நாலு வருஷம் ஆச்சேம்மா” என்றார். அவர் மனைவியை, நான் அக்கா என்று கூப்பிடுபவரை, கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அக்காவும் நானும் நல்ல பழக்கம். வீட்டிலிருந்தபடியே தறிக்காரர்களுக்குத் தார் சுற்றிக் கொடுப்பார். தறியில் குறுக்கே ஓடும் பட்டு நூலைச் சின்னக் குழல்களில் ஏற்றும் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட்டுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் போவோம். அந்த உரிமையில், அவர் வீடு என் படத்துக்கு வருவதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

அந்த வீட்டு வாசலுக்கு எதிரே இருக்கும் கம்பத்தில் வெள்ளை பல்பு. அந்த வெளிச்சத்தில் சுவர் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. எனக்கு மஞ்சள் வேண்டும்.

“பழைய மஞ்ச பல்பு ஒண்ணு எங்கிட்ட கீது. மாட்டிடலாம்” என்றார் அண்ணன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பங்குனி வெயில். அக்கா வெம்பாக்கத்தில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அண்ணன் ஏணியைக் கம்பத்தில் சாய்த்து ஏறினார். பாதி ஏணியில் நின்றுவிட்டார். இரண்டு கைகளாலும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நெற்றியை அதன்மேல் வைத்திருந்தார். நான் கீழே நோட்டும் பென்சிலுமாக நின்றிருந்தேன். அவர் மேலே ஒயரில் எதையோ பார்க்கிறார் என்று நினைத்தேன்.

“அண்ணா, கொஞ்சம் ஜல்தியா. வெயில் எறங்கிடப் போவுது” என்றேன்.

அப்படியேதான் சொன்னேன். ஒரு சொல் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை.

அவர் ஏறிப் பல்பை மாற்றிவிட்டு இறங்கினார். கடைசிப் படியில் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே தண்ணீர் கேட்டார். ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

“இன்னாண்ணா ஆச்சு?”

“ஒண்ணுமில்லம்மா. கொஞ்ச நாளாவே ஏணி ஏறினா மூச்சு வாங்குது. கேஸ் ட்ரபுள்தான், வேற இன்னா.”

“டாக்டரப் பாருங்கண்ணா.”

“பாக்கறேன், பாக்கறேன். இதப் போயி அக்காகிட்ட சொல்லிகினு இருக்காத. அது ஊரையே கூட்டிடும்.”

நான் தலையாட்டினேன். அவர் எழுந்து போய் சுவிட்சைப் போட்டார். மஞ்சள் வெளிச்சம் வாசற்படியில் விழுந்தது. மேலே வானம் இன்னும் நீலமாக இருந்தது. நான் வரைய உட்கார்ந்துவிட்டேன். இருட்டும்வரை எனக்கு வேறெதுவும் நினைவில்லை.

அந்தத் தொடரிலேயே அதுதான் நன்றாக வந்த படம். சென்னையில் ஒரு கூட்டுக் கண்காட்சியில் என் படங்கள் நான்கை எடுத்துக்கொண்டார்கள். ஏழாவதும் அதில் இருந்தது. அதைக் கண்காட்சிக்காரர்கள் போட்டோ எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். நான் பெருமையில் ஒன்றிரண்டு பேருக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் எங்கள் சந்து முழுக்கப் பார்த்துவிட்டது.

அக்கா போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். உட்காரவில்லை.

“இது எங்க ஊடுதானே?”

“ஆமாக்கா. நல்லா வந்திருக்கு இல்ல?”

“மேல பகலா கீது. கீழ வெளக்கு எரியுது. ஊட்டுக்குள்ள எல்லாம் இருட்டா போட்டு வெச்சிருக்க. பட்டப்பகல்ல வாசல்ல வெளக்கு எரியுதுன்னா அது எந்த ஊட்லம்மா எரியும்? ஒனக்குத் தெரியாதா?”

தெரியும். பிணம் கிடக்கும் வீட்டில்தான் அப்படி எரியும். ஆனால் படம் வரையும்போது ஒருமுறைகூட எனக்கு அது தோன்றவில்லை. எனக்கு அவர் கேட்ட விதத்தில் கோபம்தான் வந்தது.

“அக்கா, இது ஒரு மாதிரியான ஓவியம். கனவு மாதிரி. இதுல போயி சகுனமெல்லாம் பாக்கக் கூடாது.”

“கனவுலயும் எங்க ஊடு இப்படி வாணாம். அந்த வெளக்க அழிச்சுடு.”

“படம் சென்னையில இருக்குக்கா. இப்ப எப்படி அழிக்கறது?”

கண்காட்சி அடுத்த வாரமே முடிந்து படம் திரும்பி வந்துவிடும். அதை நான் சொல்லவில்லை. அழிக்க எனக்கு மனமில்லை.

அக்காவின் பின்னாலேயே வந்திருந்த அண்ணன் சிரித்தார். “அட, அது தெருவெளக்குடி. நான் மாட்டுன பல்பு. இதுக்குப் போயி அந்தப் பொண்ணுகிட்ட சண்ட போட்டுகினு இருக்க.” அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து அண்ணன் இறந்துபோனார்.

காலையில் போய் விளக்குகளை அணைத்துவிட்டு வந்திருக்கிறார். குளித்துவிட்டுச் சட்டை போடும்போது சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாராம். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் வேலைக்குக் கிளம்பி நிற்கும்போது ஆட்டோ திரும்பி வந்தது.

பதினொரு மணிக்கு அங்கே போனேன். ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. உள்ளே கூடம் எப்போதும்போல இருட்டு. அவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. வாசலில் நின்று நான் ஏன் மேலே பார்த்தேன் என்று தெரியவில்லை. கழுவித் துடைத்தது போல வானம். ஏழாவது படத்துக்கு நான் நான்கு நாள் கலந்து கலந்து பார்த்துக் கொண்டுவந்த நீலம்.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், “இவதான் அந்தப் படம் போட்டது” என்றாள். மெதுவாகச் சொன்னதாக அவள் நினைத்திருக்கலாம். கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. அக்கா அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

படம் யாரையும் கொல்லாது. கடைக்குப் போகும்போதும் வரும்போதும் இதையே சொல்லிக்கொண்டேன். கட்டத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து மேசைக்காரர் என்னவென்று கேட்டார். தெருவில் இருப்பவர்கள் அறியாதவர்கள், மூடநம்பிக்கைக்காரர்கள், என்னைப் போய் இப்படிச் சொல்கிறார்களே என்று என் கணவரிடம் எத்தனையோ நாள் புலம்பினேன். அவரும் ஆமாம் என்றார். ஆனால் அவரிடம்கூட ஏணியைப் பற்றிச் சொல்லவில்லை. தெரு முழுக்கப் படத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்ததில் எனக்கு ஒரு வசதி இருந்தது. அந்தக் குற்றச்சாட்டை என்னால் சுலபமாகத் தள்ளிவிட முடிந்தது. மற்றது ஒன்று இருந்ததே, அதை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

ஐந்து மாதம் போனது. அக்கா என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தார். மார்க்கெட்டுக்குத் தனியாகப் போய்வந்தேன். விளக்குப் போட வேறு ஆள் வந்தார். அவர் சுவிட்சுப் பெட்டியில் என்னவோ ஒரு கருவி பொருத்தினார். அதற்குப் பிறகு எங்கள் சந்தில் விளக்குகள் சொன்ன நேரத்துக்கு எரிந்தன, சொன்ன நேரத்துக்கு அணைந்தன. நான் படம் வரைய உட்கார்ந்தால் கீழ்ப்பாதி வரும். வானம் வராது. நீல வண்ணக் குழாயின் மூடி காய்ந்து ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் சென்னையிலிருந்து கண்காட்சிக்காரர் போன் செய்தார். ஏழாவது படத்தை வாங்க ஒருவர் விரும்புகிறார் என்றார். கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

“யாரைக் கேக்கணும்? படம் உங்களோடதுதானே?” என்றார்.

“அந்த வீட்டுக்காரங்களைக் கேக்கணும்” என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டிவியை அணைத்தார். பிறகு, “எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அவங்ககிட்ட போயி சொல்லு” என்றார்.

மறுநாள் மதியம் போனேன். அக்கா கூடத்தில் உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். பகலிலும் டியூப்லைட் போட்டிருந்தார். அந்தக் கூடத்தில் விளக்கில்லாமல் நூல் தெரியாது. என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை. நான் தரையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். மஞ்சள் பல்பு கேட்டதை, அவர் ஏணியில் பாதியில் நின்றதை, நெற்றியைக் கம்பத்தில் வைத்ததை, நான் ஜல்தியா என்று சொன்னதை, தண்ணீர் கேட்டதை, அக்காவிடம் சொல்லாதே என்று அவர் சொன்னதை, நான் தலையாட்டியதை.

ராட்டை நின்றிருந்தது.

“எத்தினி மணி இருக்கும்?” என்று கேட்டார்.

“நாலரை.”

“நான் மறுநாள் வந்து பாத்தேன். அவரே சட்டையத் தொவச்சுக் காயப் போட்டிருந்தாரு. இன்னா புதுசான்னு கேட்டேன். சிரிச்சாரு.”

அறுந்துபோயிருந்த ஒரு நூலை எடுத்து முடிந்தார். பிறகு என் பக்கம் பார்க்காமலேயே பேசினார்.

“எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுகினு இருந்தியா? பக்கத்துல படுத்துகினு இருக்கறவளுக்கு மூச்சு இழுக்கறது காதுல வுழாதா? வேலூருக்குப் போயி காட்டலாம்னு ரெண்டு வாட்டி சொன்னேன். லீவு போட்டா வேற ஆள வெச்சுடுவாங்கன்னு கத்துனாரு. அப்புறம் நான் சொல்லல. அவரு கத்துவாருன்னுட்டு வாய மூடிகினு இருந்துட்டேன்.”

“அக்கா…”

“படத்து மேல பழியப் போட்டுட்டு ஒக்காந்துகினு இருந்தேன். அது சுலுவா இருந்துச்சு.”

நான் அழுதேன். அவர் அழவில்லை. குழலை ராட்டையில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

“ஆனா நீ அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா, மூணாவது வாட்டியும் சொல்லியிருப்பேன். ஏணியில நின்னுட்டாருன்னு தெரிஞ்சிருந்தா இழுத்துகினாவது போயிருப்பேன்.”

மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வந்தவள், அந்த வார்த்தையைச் சொல்லாமலே எழுந்தேன். வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து கேட்டார்:

“படம் எங்க கீது?”

“எங்க வீட்லதான் இருக்கு.”

“காலைல வரேன்.”

வந்தார். போனில் உள்ளங்கை அளவு பார்த்த படத்தை முழு அளவில் அவர் பார்ப்பது அதுதான் முதல்முறை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். விளக்கை அழிக்கச் சொல்லுவார் என்று தூரிகையைக்கூட எடுத்து வைத்திருந்தேன். அழித்துவிடுவது என்று முடிவும் செய்திருந்தேன்.

“வண்டி எங்க?” என்றார்.

“எந்த வண்டிக்கா?”

“அவரு வண்டி. தெருவுல எல்லா வெளக்கையும் போட்டுட்டுதானே ஊட்டுக்கு வருவாரு? வெளக்கு எரியுதுன்னா அவரு வந்துட்டாருன்னுதானே அர்த்தம்? வண்டி வாசல்ல நிக்கணும்ல?”

அவருடைய மொபெட்டை நான்தான் படத்தில் போடாமல் விட்டிருந்தேன். வாசற்படியில் விழும் வெளிச்சத்தை அது மறைத்தது. எனக்கு வெளிச்சம் முழுதாக வேண்டியிருந்தது.

நான்கு நாள் காலையில் அக்கா வந்து உட்கார்ந்தார். சீட்டு கிழிந்து கோணி கட்டியிருந்ததைச் சொன்னார். பக்கவாட்டில் தொங்கும் பையில் டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் இருக்கும், பை வாயை மூடவே மாட்டார் என்றார். முன் சக்கரத்தை அவர் எப்போதும் சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்துவார் என்று சொன்னபோது நான் ஏற்கெனவே போட்டிருந்த சக்கரத்தை அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். வண்டியின் மேல் பகல் வெளிச்சம் படுமா, விளக்கு வெளிச்சம் படுமா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. “வெளக்குதான்” என்றார் அக்கா. கைப்பிடியில் கொஞ்சம் மஞ்சள் வைத்தேன்.

புதிய போட்டோவைச் சென்னைக்கு அனுப்பினேன். வாங்க விரும்பியவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். முன்பு இருந்த மர்மம் இப்போது இல்லை என்றாராம். இருக்கலாம். ஓவியமாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். அந்த வண்டி எங்கோ உறுத்துகிறது. ஆனால் எடுக்க முடியாது.

படத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். “வாணாம்மா. ஊட்ல மாட்டினா தெனமும் பாக்கணும்” என்றார். அது என் அறையிலேயே சுவரில் சாய்ந்திருக்கிறது.

எனக்கும் அக்காவுக்கும் பேச்சு இருக்கிறது. பழைய மாதிரி என்று சொல்ல மாட்டேன். சில ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போகும்போது கூப்பிடுவார். சில நாள் என்னைத் தாண்டி நேராகப் போய்விடுவார், முகத்தில் சாவன்று கூடத்தில் பார்த்த அதே பார்வை இருக்கும். அந்த நாட்களில் நான் எதுவும் கேட்பதில்லை. இந்த ஆடியில் படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போய்வந்தவர், குங்குமமும் மஞ்சளும் ஒரு தாளில் மடித்து என் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கதவைத் தட்டவில்லை.

எட்டாவது படத்தைப் போன மாதம் தொடங்கினேன். சந்தவாசல் பஸ் நிறுத்தத்தில் இருக்கும் ஒரு டீக்கடை. பஸ்ஸுக்காக நிற்கும்போது பலமுறை பார்த்த கடைதான். இந்தமுறை நோட்டைத் திறப்பதற்கு முன்பு கடைக்காரரிடம் போய், உங்கள் கடையை வரைந்துகொள்ளலாமா என்று கேட்டேன். பகலும் இரவும் ஒன்றாக வரும், கீழே விளக்கு எரியும், மேலே வெயில் இருக்கும், சிலருக்கு அது பிடிக்காது என்பதையும் சொன்னேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்லட்டுமா என்றார். சரி என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ் பிடித்து வந்துவிட்டேன். மறுநாள் போனபோது, “போட்டுக்கோங்கம்மா. எங்க ஊட்ல ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க. கடை தொறந்திருக்கற மாதிரி போடணும்” என்றார்.